இடுப்பு எலும்பு முறிவு: வடசென்னை வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் வீடு வீடாகப் போய் ஃபிசியோதெரபி செய்கிறேன். நான் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் இடுப்பு எலும்பு உடைந்து, ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய பெரியவர்கள். அவர்களுடைய பிள்ளைகளும் மருமகள்களும் வாசலில் நிறுத்தி வைத்துக் கேட்கிற கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் டாக்டர் சொன்னது இதிலிருந்து மாறுபட்டால் அவர் சொன்னதையே கேளுங்கள். எக்ஸ்ரேயைப் பார்த்தவர் அவர்தான்.

விழுந்துவிட்டார். இடுப்பு உடைந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

பெரும்பாலும் பார்த்தாலே தெரிந்துவிடும். எழுந்திருக்க முடியாது, காலை ஊன்ற முடியாது. வலி கவட்டைப் பக்கம், தொடை தொடங்கும் இடத்தில் இருக்கும். மல்லாக்கப் படுத்திருக்கும்போது இரண்டு கால்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அடிபட்ட கால் கொஞ்சம் குட்டையாகத் தெரியும், பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கும்.

ஏமாற்றுகிற முறிவும் உண்டு. உடைந்த எலும்பு விலகாமல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டு நின்றுவிட்டால் ஆள் நொண்டி நொண்டி நடப்பார். காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அம்மா அப்படித்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். சுளுக்கு என்று தைலம் தேய்த்துக்கொண்டு வியாபாரத்துக்கும் போய்வந்தார். ஒருநாள் விடியற்காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது எலும்பு விலகிவிட்டது. முன்பே வந்திருந்தால் சில ஸ்க்ரூக்களோடு முடிந்திருக்கக்கூடிய வேலை, மூட்டில் பந்துபோல இருக்கிற எலும்பு முனையையே மாற்றுகிற அளவுக்குப் போனது.

முதல் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமல் போவதும் நடக்கும். எக்ஸ்ரே நார்மல் என்று சொல்லி அனுப்பிய பிறகும் காலை ஊன்றினால் கவட்டையில் வலிக்கிறது என்றால், எம்ஆர்ஐ அல்லது சிடி ஸ்கேன் தேவையா என்று திரும்பப் போய்க் கேளுங்கள்.

ஆம்புலன்ஸ் வரும்வரை என்ன செய்வது?

108-ஐக் கூப்பிடுங்கள். அதுவரை அவரைத் தூக்கி நிறுத்திப் பார்க்க வேண்டாம், காலை இழுத்து நேராக்க வேண்டாம், எண்ணெய் போட்டு நீவவே வேண்டாம். இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு தலையணை வைத்து, மேலே ஒரு போர்வை போர்த்துங்கள். சாப்பாடு கொடுக்காதீர்கள். அன்றைக்கே ஆபரேஷன் வைத்தாலும் வைப்பார்கள்.

நம் பக்கத்தில் பெரிய பாடு, மாடியிலிருந்து இறக்குவது. வாரியக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் படிக்கட்டுத் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது. கெட்டியான ஜமுக்காளத்தில் படுக்கவைத்து, இரண்டு கால்களையும் தலையணையோடு சேர்த்துத் துணியால் கட்டி, நாலு பேர் நாலு முனையைப் பிடித்து இறக்கலாம். ஆட்டோவில் மடக்கி உட்காரவைத்துக் கொண்டுபோவது வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

அவர் தினமும் சாப்பிடுகிற மாத்திரைகளை அட்டையோடு ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி, பல்செட், காது மிஷின் இருந்தால் அதையும். எவ்வளவு நேரம் தரையில் கிடந்தார் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ராத்திரி பாத்ரூமில் விழுந்து விடியும்வரை கிடந்தவர்களுக்கு உடம்பில் நீர் வற்றி, சிறுநீரகமும் சேர்ந்து பாதிக்கப்படலாம்.

இடுப்பு எலும்பு என்கிறார்கள், ஆனால் எக்ஸ்ரேயில் தொடையைக் காட்டுகிறார்களே?

உடைவது தொடை எலும்பின் மேல்முனை. தெருவிளக்குக் கம்பம் உச்சியில் பக்கவாட்டில் வளைந்து விளக்கைத் தாங்குவதுபோல, தொடை எலும்பும் மேலே உள்பக்கமாகத் திரும்பி முனையில் ஒரு பந்தைத் தாங்கி நிற்கிறது. அந்தப் பந்து இடுப்புக் குழிக்குள் சுழல்வதால்தான் நடக்கிறோம், உட்காருகிறோம். பந்துக்குக் கீழே ஒடுங்கிய பகுதி கழுத்து. கழுத்து தண்டோடு சேரும் புடைப்பான இடம் ட்ரோகேன்டர்.

எங்கே உடைந்தது என்பதை வைத்துத்தான் சிகிச்சை. பந்துக்குப் போகும் ரத்தக்குழாய்களில் முக்கியமானவை கழுத்தை ஒட்டியே ஏறுகின்றன. கழுத்து உடைந்து விலகினால் அவையும் அறுந்து, பந்து ரத்தம் கிடைக்காமல் செத்துப்போகலாம், முறிவு கூடாமலும் போகலாம். ட்ரோகேன்டர் பகுதிக்கு ரத்த ஓட்டம் நன்றாக உண்டு, அதனால் எலும்பு கூடிவிடும். ஆனால் உடைந்த இடத்திலிருந்து தொடைக்குள்ளேயே நிறைய ரத்தம் கசியும். வெளியே ஒரு சொட்டு தெரியாது, ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் இறங்கியிருக்கும். ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னால் பதறாதீர்கள், கொடுக்க ஆள் ஏற்பாடு செய்யுங்கள்.

டாக்டரிடம் கேட்க ஒரே ஒரு கேள்விதான் நேரம் இருக்கிறது என்றால், “கழுத்தா, அதுக்குக் கீழேயா? விலகியிருக்கா?” என்று கேளுங்கள்.

சும்மா வழுக்கி விழுந்ததற்கு இவ்வளவு பெரிய எலும்பு உடையுமா?

நின்ற உயரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்தால் எலும்பு ஏற்கெனவே பலவீனமாக இருந்தது என்று அர்த்தம். ஆஸ்டியோபோரோசிஸ் என்பார்கள். எலும்பு உள்ளே பஞ்சாகிவிடும், ஆனால் உடையும்வரை வலிக்காது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இது வேகமாக நடக்கிறது. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள், பீடி சிகரெட், குடி உள்ளவர்கள், வலிப்புக்குச் சில மாத்திரைகளை வருடக்கணக்கில் எடுப்பவர்கள் ஆகியோருக்கும் வரும். வெயில் கொளுத்துகிற இந்த ஊரிலேயே வைட்டமின் டி குறைவு சர்வசாதாரணம், ஏனென்றால் வயதானவர்கள் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுகிறார்கள்.

புத்தூர் கட்டு போட்டால் சேராதா?

வைத்தியர்மேல் உங்களுக்கு இருக்கிற நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. இந்த எலும்புக்கு மட்டும் எந்தக் கட்டும் பயன்படாது, ஆஸ்பத்திரியில் போடும் மாவுக்கட்டும்கூட. இடுப்பு மூட்டு தடித்த தசைகளுக்கு அடியில் ஆழத்தில் இருக்கிறது. அந்தத் தசைகள் எல்லாம் உடைந்த துண்டை மேல்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். வெளியே எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் உள்ளே பிடிமானம் கிடைக்காது. கட்டுப் போட்டுப் பார்ப்போம் என்று போகிற நாட்களில் ஆபரேஷனுக்கு ஏற்ற நேரம் கழிந்துவிடுகிறது.

அம்மாவுக்கு 82 வயது. ஆபரேஷனைத் தாங்குவாரா? படுக்கையிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளக் கூடாதா?

எனக்கு அதிகம் வருகிற கேள்வி இதுதான். இதில் ஒளித்துப் பேசப் போவதில்லை.

ஆபரேஷனில் ஆபத்து உண்டு. இதயம், நுரையீரல், சிறுநீரகம் எல்லாம் வயதாகியிருக்கின்றன, டாக்டர் கையெழுத்து வாங்கும்போது சொல்கிற ஒவ்வொன்றும் நடக்கக்கூடியதே. ஆனால் பிள்ளைகள் அந்தத் தாளில் உள்ள ஆபத்தை மட்டும் பார்க்கிறார்கள். படுக்கைக்கு யாரும் கையெழுத்து வாங்குவதில்லை, அதனால் அது பாதுகாப்பானது என்று தோன்றிவிடுகிறது.

ஆபரேஷன் இல்லாமல் கிடந்தால் நடப்பது இது. புரட்டினால் வலி, அதனால் புரட்டமாட்டோம். சில நாட்களிலேயே வால் எலும்பு மேலும் குதிகாலிலும் தோல் சிவக்கும், பிறகு உரிந்து புண்ணாகும். படுத்தபடியே ஊட்டுவதில் சாப்பாடு புரையேறும், சளி நெஞ்சில் தங்கி நிமோனியா ஆகும். கால் அசையாததால் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைக்கலாம். சிறுநீர்க் குழாயால் கிருமி தொற்றும். தொடைச் சதை கண்ணெதிரே கரையும். எலும்பு ஒருவேளை கோணலாகக் கூடினாலும், அதற்குள் எழுந்து நிற்கிற பலம் அவரிடம் இருக்காது.

ஆபரேஷன் செய்தாலும்கூட இது லேசான விஷயம் இல்லை. பல நாடுகளின் கணக்குகளைப் பார்த்தால், இடுப்பு உடைந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவராவது ஒரு வருடத்துக்குள் இறந்துபோகிறார். அப்படி இறப்பவர்களில் பலர் மேலே சொன்ன சிக்கல்களாலும், ஏற்கெனவே இருந்த நோய்களாலும் போகிறார்கள். வலியைக் குறைத்து, சீக்கிரம் எழுப்பி உட்காரவைத்து நிறுத்துவதுதான் ஆபரேஷனின் முதல் நோக்கம். எலும்பு கூடுவது அப்புறம்.

80 தாண்டியவர்களுக்கும் 90 தாண்டியவர்களுக்கும் இந்த ஆபரேஷன் வழக்கமாக நடக்கிறது. வயது மட்டும் மறுக்கக் காரணம் ஆகாது. ஏற்கெனவே மாதக்கணக்காகப் படுக்கையில் இருப்பவர், வேறு நோயால் கடைசிக் கட்டத்தில் இருப்பவர் என்றால் யோசிக்கலாம். அப்போதும், புரட்டும்போது உயிர் போகிற வலி குறையட்டும் என்று சில டாக்டர்கள் ஆபரேஷனைச் சொல்வார்கள். வேண்டாம் என்று முடிவெடுத்தால் வலிக்கு முறையான மருந்து, புண் வராத மெத்தை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட ஆள், இந்த மூன்றையும் அன்றே ஏற்பாடு செய்ய வேண்டும்.

எவ்வளவு சீக்கிரம் செய்ய வேண்டும்?

கூடுமானவரை 24 முதல் 48 மணி நேரத்துக்குள். ஹீமோகுளோபின் மிகக் குறைவு, நெஞ்சில் சளி, இதயத்துடிப்பில் கோளாறு போன்றவற்றைச் சரிசெய்யக் கொஞ்சம் தாமதிப்பது நியாயம். துபாயிலிருந்து பெரிய மகன் வரட்டும் என்று தாமதிப்பது நியாயமில்லை. அவரை வீடியோ காலில் கூப்பிட்டுச் சம்மதம் கேளுங்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் விபத்துக் கேஸ்கள் முந்திக்கொண்டு உங்கள் முறை தள்ளிப்போகலாம். தினமும் காலை ரவுண்ட்ஸில், “இன்னைக்கு லிஸ்ட்ல இருக்காரா?” என்று மரியாதையாகக் கேளுங்கள். லிஸ்டில் இல்லை என்றால் சாப்பாடு கொடுக்கலாமா என்றும் கேளுங்கள். ஆபரேஷன் உண்டு என்று வெறும் வயிற்றில் வைத்திருந்து, சாயங்காலம் இல்லை என்று சொல்லி, மறுநாளும் அப்படியே பட்டினி போட்ட ஒரு பெரியவரைப் பார்த்திருக்கிறேன். பொதுவாகத் திட உணவை 6 மணி நேரம் முன்பும் தண்ணீரை 2 மணி நேரம் முன்பும் நிறுத்தினால் போதும் என்பது மயக்க மருந்து டாக்டர்களின் கணக்கு.

காலில் வெயிட் கட்டித் தொங்கவிடுவதை இன்னும் பார்க்கலாம். அதனால் வலி குறைவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. கவட்டைப் பக்கம் நரம்பை மரத்துப்போகச் செய்கிற ஊசி நன்றாகக் கேட்கும், அந்த வசதி இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

எங்கே போவது? செலவுக்கு என்ன வழி?

ராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைக்காரர்களுக்குப் பக்கம் ஸ்டான்லி. சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, அந்தப் பக்கம் கீழ்ப்பாக்கம். மூன்றுமே மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள், எலும்பு முறிவுப் பிரிவு உண்டு.

தனியார் ஆஸ்பத்திரிக்குப் போவதாக இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அந்த ஆஸ்பத்திரி இருக்கிறதா, இந்த ஆபரேஷனுக்கு அங்கே அனுமதி உண்டா என்று அட்மிஷனுக்கு முன்பே கேளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு. காப்பீட்டு அட்டை இல்லாவிட்டால் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீசுக்குப் போக வேண்டும். திருவொற்றியூர், மணலி, மாதவரம் 2018-லேயே சென்னை மாவட்டத்துக்கு வந்துவிட்டதால் திருவள்ளூருக்கு அலைய வேண்டாம். சந்தேகம் இருந்தால் 104-க்குப் போன் செய்யுங்கள்.

அரசு ஆஸ்பத்திரி, தனியார் எது நல்லது என்று என்னிடம் கேட்டால், எங்கே இரண்டு நாளுக்குள் ஆபரேஷன் செய்து மறுநாள் நிறுத்துகிறார்களோ அங்கே என்பேன்.

பிளேட், ராடு, பந்து மாற்றுவது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது சரி?

முறிவுக்கு முறிவு வேறு. கழுத்தில் உடைந்து விலகாமல் இருந்தால் சின்ன கீறல்கள் போட்டு இரண்டு, மூன்று ஸ்க்ரூக்களைச் செலுத்தி நிறுத்துவார்கள். கழுத்து உடைந்து விலகியிருந்தால், வயதானவர்களுக்குப் பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைப்பதுதான் வழக்கம். ஸ்க்ரூ போட்டுக் காத்திருந்து, அது கூடாமல், மறுபடி ஒரு ஆபரேஷனுக்கு அழைத்துப்போகிற நிலைமை 80 வயதில் வரக்கூடாது.

ட்ரோகேன்டரில் உடைந்தால் பந்து நன்றாகவே இருக்கும், அதை மாற்றுவதில்லை. பெரிய ஸ்க்ரூவோடு பக்கவாட்டில் பிளேட் வைப்பது ஒரு முறை. எலும்பின் உள்கூட்டுக்குள் ராடு இறக்கி, அதன் வழியாகப் பந்துக்குள் ஸ்க்ரூ செலுத்துவது இன்னொரு முறை. பல துண்டாக உடைந்திருந்தாலும் முறிவு தண்டுவரை கீழே இறங்கியிருந்தாலும் ராடுதான் நன்றாகத் தாங்கும். பக்கத்து பெட்காரருக்குப் பந்து மாற்றினார்களே, எங்களுக்கு ஏன் வெறும் ராடு என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

பாதி மூட்டா, முழு மூட்டா?

பந்தை மட்டும் மாற்றினால் பாதி, குழியிலும் கிண்ணம் வைத்தால் முழுசு. வீட்டுக்குள்ளே கோலூன்றி நடந்துகொண்டிருந்தவருக்குப் பாதி மூட்டு போதும். ஆபரேஷன் நேரம் குறைவு, மூட்டு நழுவும் வாய்ப்பும் குறைவு. விழுவதற்கு முந்தின நாள்வரை தனியாக மார்க்கெட் போய்வந்தவர், புத்தி தெளிவாக இருப்பவர், இன்னும் பல வருடம் சுறுசுறுப்பாக நடமாடக்கூடியவர் என்றால் முழு மூட்டு யோசிக்கத் தக்கது. விலை கூடினது நல்லது என்கிற கணக்கு இங்கே செல்லாது.

முழு மயக்கமா? முதுகில் ஊசியா?

பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள். இரண்டுமே பாதுகாப்பாகச் செய்யக்கூடியவை, உடல்நிலையைப் பார்த்து மயக்க மருந்து டாக்டர் முடிவு செய்வார். முதுகு ஊசியால் வாழ்நாள் முழுக்க முதுகுவலி வரும் என்பது நம் தெருக்களில் உலவும் கதை.

இதயத்துக்கு மாத்திரை, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். நிறுத்திவிடலாமா?

நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், மறைக்கவும் செய்யாதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர்களுக்குப் பல நேரம் ஆபரேஷனைத் தள்ளிப்போடாமலே செய்கிறார்கள். அதே காரணத்துக்காக வார்ஃபரின் சாப்பிடுகிறவர் என்றால் வைட்டமின் கே ஊசி கொடுத்து அதன் வேகத்தைக் குறைப்பார்கள். புது வகை ரத்தம் உறையாத மாத்திரைகளுக்கு ஒன்றிரண்டு நாள் காத்திருக்க நேரலாம். சர்க்கரை மாத்திரைகளில் டாபாகிளிஃப்ளோசின் போன்றவை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், பட்டினியோடு சேர்ந்தால் அவை ரத்தத்தில் அமிலத்தை ஏற்றிவிடக்கூடும்.

ஆபரேஷன் ஆன ராத்திரி, செத்துப்போன தாத்தாவோடு பேசுகிறார், ட்ரிப்ஸைப் பிடுங்குகிறார். மூளை கலங்கிவிட்டதா?

பயப்படாதீர்கள், ஆனால் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். டெலிரியம் என்பார்கள். வலி, தூக்கமின்மை, கிருமி, உப்புச்சத்து மாறுதல், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, மருந்து, புது இடம் எல்லாம் சேர்ந்து வயதானவர்களைக் குழப்பிவிடும். காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் பெரும்பாலோர் சில நாட்களில் தெளிவார்கள். சிலருக்கு வாரங்கள் ஆகும். கூச்சல் போடாமல், பேசாமல் மந்தமாகக் கிடப்பதும் இதன் இன்னொரு வடிவம், அதை எல்லோரும் அசதி என்று விட்டுவிடுகிறார்கள்.

கண்ணாடியையும் காது மிஷினையும் போட்டுவிடுங்கள். பழகின ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும், வார்டில் ஆள் மாற்றி ஆள் வந்து கூட்டம் போடாதீர்கள். பகலில் உட்காரவையுங்கள், ராத்திரியில் லைட்டைக் குறைக்கச் சொல்லுங்கள். கையைக் கட்டிப்போட்டால் இன்னும் முரண்டு பிடிப்பார். பெரியவர்களின் உடம்பைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்பது இந்த ஊருக்குப் புதிதில்லை. 1978-லேயே சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோர் மருத்துவத்தைத் தொடங்கிவைத்தவர் டாக்டர் வி.எஸ். நடராஜன்.

எப்போது எழுந்து நடக்கவைக்கலாம்?

பெரும்பாலோருக்கு மறுநாளே. முதலில் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்காரவைப்போம். தலை சுற்றாவிட்டால் வாக்கரைப் பிடித்து நிற்பது, அப்புறம் இரண்டடி. பந்து மாற்றியவர்களும், ராடு நன்றாகப் பொருந்தியவர்களும் வழக்கமாக முழுப் பாரத்தையும் ஊன்றலாம். சிலருக்கு டாக்டர் ஊன்ற வேண்டாம் என்பார். ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும்போது “எவ்வளவு ஊன்றலாம்?” என்று கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். இது எழுதாத சீட்டோடு வருகிறவர்கள் நிறைய. வீட்டில் ஆளுக்கொன்று சொல்லி, கடைசியில் பயத்தில் படுக்கவைத்துவிடுகிறார்கள்.

நடக்கும்போது முதலில் வாக்கர், அடுத்து ஆபரேஷன் செய்த கால், அப்புறம் நல்ல கால். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். படுத்திருக்கும்போதெல்லாம் பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள். முழங்காலைப் படுக்கையில் அழுத்தி ஐந்து எண்ணி விடச் சொல்லுங்கள். வலி மாத்திரையை நடப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் கொடுங்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு மாத்திரையை மிச்சம் பிடிக்கிற பாட்டிகள் நடப்பதையும் மிச்சம் பிடித்துவிடுகிறார்கள்.

ரத்தம் உறையாமல் இருக்கத் தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசியையோ அதற்கான மாத்திரையையோ சுமார் ஒரு மாதம் தொடரச் சொல்வார்கள். தையல் பிரித்ததும் அதை நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டுக்கு ஃபிசியோ வரவைக்கக் காசு இல்லை என்றால், பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பற்றிக் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை கொடுப்பதும் உண்டு.

கக்கூஸ் போவதற்கு என்ன செய்வது?

நிறைய வீடுகளில் திரும்ப நடக்கவைக்கிற முயற்சி நின்றுபோவது இங்கேதான். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ஒண்டுக் குடித்தன வீடு. கக்கூஸ் நடையின் கடைசியில், ஐந்து குடும்பத்துக்குப் பொது. வாசலில் இரண்டு படி, இரும்புக் கதவு உள்பக்கம் திறக்கும், பேசினைச் சுற்றிப் பாசி. வாக்கரோடு உள்ளே போனால் கதவைச் சாத்த முடியாது. அந்த அம்மா என்ன செய்தார் தெரியுமா? தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். சிறுநீரில் கிருமி வந்து காய்ச்சலோடு மறுபடி ஆஸ்பத்திரி.

குந்தி உட்காருவது இப்போதைக்கு வேண்டாம். பந்து மாற்றியவர்களுக்கு முதல் மூன்று மாதமாவது அது ஆபத்து. இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்கி, கால் உள்பக்கம் திரும்பினால் புதுப் பந்து குழியிலிருந்து நழுவிவிடும். அதே காரணத்துக்காகத்தான் தரையில் உட்காராதே, கால்மேல் கால் போடாதே, குனிந்து செருப்பை எடுக்காதே என்கிறோம். ஒருக்களித்துப் படுக்கும்போது இரண்டு முழங்காலுக்கும் நடுவே தலையணை. ராடு போட்டவர்களுக்கு இந்தக் கெடுபிடி குறைவு, ஆனால் குந்தினால் எழுந்திருக்கும் பலம் அவர்களுக்கும் இருக்காது.

சர்ஜிகல் கடைகளில் கம்மோடு நாற்காலி கிடைக்கிறது, வாடகைக்கும் சில இடங்களில் தருகிறார்கள். கைப்பிடி உள்ளதாக, நாலு காலிலும் ரப்பர் புஷ் தேயாமல் இருப்பதாகப் பார்த்து எடுங்கள். அடியில் உள்ள சட்டியை எடுத்துவிட்டு பேசின் மேலேயே வைக்கலாம், ராத்திரி கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கலாம். ஒரே அறை வீடு என்றால் ஒரு கயிறு கட்டி, பழைய புடவையைத் திரையாகத் தொங்கவிடுங்கள். அந்த வண்ணாரப்பேட்டை அம்மாவுக்கு நாற்காலி முதலிலேயே வாங்கியிருந்தார்கள். மருமகன் இருக்கிற இடத்தில் எப்படிப் போவேன் என்று அவர்தான் தொடவே இல்லை. புடவையைக் கட்டினதும் போனார்.

கட்டில் உயரமும் இதைச் சேர்ந்ததே. உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். தாழ்வான கட்டில் என்றால் கால்களுக்கடியில் ஆடாதபடி கட்டை வையுங்கள்.

என்ன சாப்பாடு கொடுப்பது?

ஆட்டுக்கால் சூப் கொடுங்கள், தப்பில்லை. ஆனால் சூப்பை மட்டும் நம்பாதீர்கள். தசை திரும்ப வளரப் புரதம் வேண்டும், அதாவது தினம் முட்டை, மீன், பருப்பு, சுண்டல். முள்ளோடு மென்று சாப்பிடுகிற நெத்திலி நம் பக்கத்தில் தாராளம், அதில் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். ஒரு நாளைக்குத் தேவை 1,000 முதல் 1,200 மில்லிகிராம். ஆக, கூழ், மோர், கீரை எல்லாம் சேர்ந்தால்தான் எட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுச் சாப்பிடுங்கள். ஆபரேஷனுக்குப் பத்தியம் என்று கஞ்சியிலேயே வைத்திருப்பது பெரிய கெடுதல்.

மறுபக்கம் உடையாமல் பார்த்துக்கொள்ள முடியுமா?

ஒருமுறை உடைந்தவருக்கு இன்னொரு முறிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆபரேஷனுக்கு ஓடியாடின குடும்பம், எலும்பைப் பலப்படுத்தும் மருந்தை மறந்துவிடுகிறது. டிஸ்சார்ஜ் சீட்டிலும் அது பல நேரம் இருக்காது, நீங்கள்தான் கேட்க வேண்டும். கால்சியம், வைட்டமின் டி மாத்திரை மட்டும் போதாது. வாரம் ஒன்று வெறும் வயிற்றில் சாப்பிடும் அலென்ட்ரோனேட் உண்டு. ஒரு முழு டம்ளர் தண்ணீரில் விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்காமல் நிமிர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். வருடம் ஒருமுறை ட்ரிப்ஸில் ஏற்றும் ஸோலட்ரோனிக் அமிலம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசி என்றும் உண்டு. டெனோசுமாப்பை நடுவில் விட்டுவிட்டால் முதுகெலும்புகள் நொறுங்கும் அபாயம் இருக்கிறது. தொடர முடியுமா என்று யோசித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

மற்றபடி விழாமல் இருப்பதுதான். லாரித் தண்ணீர் வரும் நேரத்திலும் அடிபம்பு அடியிலும் பெரியவர்கள் குடம் தூக்க வேண்டாம். தேய்ந்த ஹவாய் செருப்பைத் தூக்கிப் போடுங்கள். கட்டிலிலிருந்து கக்கூஸ்வரை ராத்திரி ஒரு சின்ன பல்பு எரியட்டும். கண்புரை இருந்தால் எடுத்துவிடுங்கள். தூக்க மாத்திரையும், எழுந்ததும் கிறுகிறுக்கவைக்கிற பிரஷர் மாத்திரையும் குறைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

பழையபடி நடப்பாரா?

ஏறக்குறைய பாதிப் பேர் விழுவதற்கு முன்பு நடந்த அளவுக்குத் திரும்புகிறார்கள். மற்றவர்களில் பலர் கோலோடோ வாக்கரோடோ நடக்கிறார்கள். முதல் மூன்று மாதத்தில் முன்னேற்றம் நன்றாகத் தெரியும், அதற்குப் பிறகும் ஒரு வருடம்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். திருவொற்றியூர் தேரடிவரை போய்வர வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர், டிவி முன்னால் உட்கார்ந்திருப்பவரைவிட முன்னால் போகிறார் என்பது என் அனுபவம்.

எதைக் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, கெண்டைக்கால் வீங்கி வலிப்பது, தையலில் சீழ் அல்லது சிவப்பு, குளிர்காய்ச்சல். நன்றாக நடந்துகொண்டிருந்தவருக்குத் திடீரென்று கால் குட்டையாகி வலித்தால் பந்து நழுவியிருக்கும், அல்லது ஸ்க்ரூ அறுத்துக்கொண்டு வந்திருக்கும். அலென்ட்ரோனேட்டைப் பல வருடம் சாப்பிடுகிறவருக்குத் தொடை நடுவில் காரணமில்லாமல் வலித்தால் அதையும் காட்டுங்கள்.

பையனுக்கு 28 வயது. எண்ணூர் விரைவுச்சாலையில் பைக் விபத்தில் இடுப்பு உடைந்தது. அவனுக்கும் பந்து மாற்ற வேண்டுமா?

கூடுமானவரை மாட்டார்கள். இளவயதில் சொந்தப் பந்தைக் காப்பாற்றத்தான் பார்ப்பார்கள். கழுத்து விலகியிருந்தால் அவசரமாகச் சேர்த்து ஸ்க்ரூ போடுவார்கள். பந்து செத்துப்போகிறதா என்று இரண்டு வருடமாவது கண்காணிக்க வேண்டும், அதனால் வலி போய்விட்டது என்று செக்கப்பை விடாதீர்கள். சாலை விபத்து என்பதால் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும்.

உள்ளே வைத்த ராடையோ பிளேட்டையோ பிறகு எடுக்க வேண்டுமா?

பெரியவர்களுக்குத் தொந்தரவு இல்லாதவரை எடுப்பதில்லை. எம்ஆர்ஐ எடுக்கப் போனால் உள்ளே உலோகம் இருப்பதைச் சொல்லுங்கள், இப்போது வைக்கிற பெரும்பாலானவற்றோடு ஸ்கேன் எடுக்கலாம். ஏர்போர்ட்டில் மிஷின் கத்தினால் டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டுங்கள்.